நோட்டீஸ் கொடுக்க அதிகாரம் யாருக்கு? 13 ஆண்டு சுங்க வழக்கு சொல்லும் கணக்கு

வாராவாரம் வந்து பாக்கி வசூலிக்கும் ஆளைத் தவிர வேறு ஒருவர் கடைக்கு வந்து, "கம்பெனி பாக்கியை என்னிடம் கொடுங்கள்" என்று கேட்டால் நாம் கொடுத்துவிடுவோமா? "உங்களை அனுப்பியது யார்? சீட்டு எங்கே?" என்றுதான் கேட்போம். அப்படிக் கேட்பது வியாபாரியின் உரிமை; கேட்காவிட்டால்தான் தவறு. ஆனால் வந்தவர் தவறான ஆள் என்பதால் நாம் கம்பெனிக்குத் தர வேண்டிய பாக்கி இல்லையென்று ஆகிவிடுமா? ஆகாது. நாளை சரியான ஆள் சீட்டோடு வருவார். அப்போது பேரேடுதான் பேசும்.

இந்தச் சின்னக் கேள்விதான் சுங்க இலாகாவுக்கும் இறக்குமதி வியாபாரிகளுக்கும் இடையே 2011 முதல் 2024 வரை சுப்ரீம் கோர்ட்டு வரை நடந்த பெரிய வழக்கின் சாரம். நோட்டீஸ் அனுப்பிய அதிகாரிக்கு அதை அனுப்ப அதிகாரம் உண்டா, இல்லையா? வியாபாரிகள் ஒரு முறை ஜெயித்தார்கள், சட்டம் மாறியது, மறுபடி ஜெயித்தார்கள், மறுபடி சட்டம் மாறியது, கடைசியில் தீர்ப்பே மாறியது. இடையில் ஜெயித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர்களின் கட்டுகள் மீண்டும் மேஜைக்கு வந்துவிட்டன. இதை நம் சங்க உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நல்லது.

நமக்கு என்ன சம்பந்தம்?

"நான் மளிகைக் கடைக்காரன். கப்பலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். நம் கடை அலமாரியைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். துவரம் பருப்பு மியான்மரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வருகிறது. மசூர் பருப்பு கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. கிராம்பு மடகாஸ்கரிலிருந்து, பட்டை வியட்நாமிலிருந்து, கசகசா துருக்கியிலிருந்து, பாதாம் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. மிளகும் பாக்கும் இலங்கையிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வருகின்றன. துறைமுகத்தில் இறங்கிய சரக்கு மண்டிக்கு வந்து, மண்டியிலிருந்து நம் கடைக்கு வருகிறது.

வரி அதிகமுள்ள சரக்கில்தான் கோளாறும் அதிகம். கொட்டைப்பாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு விவசாயியைக் காப்பதற்காக அதன் குறைந்தபட்ச இறக்குமதி விலையை மத்திய அரசு 2023 பிப்ரவரியில் கிலோவுக்கு 251 ரூபாயிலிருந்து 351 ரூபாயாக உயர்த்தியது. இப்படிப்பட்ட சரக்கை வேறு பெயரில் கொண்டுவருவது, வேறு நாட்டுச் சரக்கைச் சலுகை உள்ள நாட்டுச் சரக்கு என்று காட்டுவது, விலையைக் கூட்டியோ குறைத்தோ எழுதுவது என்று சிலர் செய்யும் வேலையால் நேர்மையாக வாங்கிய மொத்த வியாபாரியின் கிடங்கிலும் அதிகாரிகள் வந்து நிற்கிறார்கள். சுங்கச் சட்டப்படி துறைமுகத்தில் மட்டுமல்ல, ஊருக்குள் இருக்கும் கடையிலும் கிடங்கிலும் சோதனை போட முடியும். ஆகவே இது நம் விஷயம்தான்.

"உரிய அதிகாரி" என்பவர் யார்?

சுங்கச் சட்டம் 1962-ல் வந்தது. அதன் 28-வது பிரிவு, குறைவாகக் கட்டிய அல்லது கட்டாமல் விட்ட வரியைக் கேட்டு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரத்தைச் சொல்கிறது. அந்த நோட்டீஸை "உரிய அதிகாரி" கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் வாசகம். உரிய அதிகாரி யார் என்பதை 2-வது பிரிவின் 34-வது உட்பிரிவு சொல்கிறது: எந்த வேலை எந்தச் சுங்க அதிகாரிக்கு வாரியத்தாலோ கமிஷனராலோ ஒதுக்கப்பட்டிருக்கிறதோ, அந்த வேலைக்கு அவரே உரிய அதிகாரி.

சுங்கத்துறையில் பல கைகள் உண்டு. துறைமுகத்தில் பில் ஆஃப் என்ட்ரியைப் பார்த்து வரி மதிப்பிட்டுச் சரக்கை விடுவிப்பவர்கள் ஒரு பக்கம். கடத்தலைத் தடுக்கும் தடுப்புப் பிரிவு இன்னொரு பக்கம். இவை தவிர வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம். நாம் டி.ஆர்.ஐ. என்று சொல்வது இதைத்தான். 1957 டிசம்பர் 4-ஆம் தேதி ஏற்பட்டது. இவர்கள் நாடு முழுவதும் துப்புத் துலக்கி, பல துறைமுகங்களில் வந்த சரக்கைச் சேர்த்துப் பார்த்து, வரி ஏய்ப்பு என்று தோன்றினால் விசாரிப்பவர்கள்.

சண்டை இங்கேதான் ஆரம்பித்தது. சரக்கைப் பார்த்து, தாளைப் பார்த்து, வரி போட்டு விடுவித்தவர் துறைமுக அதிகாரி. இரண்டு மூன்று வருஷம் கழித்து, "அன்று கட்டிய வரி போதாது" என்று நோட்டீஸ் கொடுத்தவர் டி.ஆர்.ஐ. அதிகாரியோ தடுப்புப் பிரிவு அதிகாரியோ. "வரி போட்டவர் வேறு, வரி கேட்பவர் வேறா? உங்களுக்கு இந்த வேலையை யார் ஒதுக்கினார்கள்?" என்று இறக்குமதியாளர்கள் கேட்டார்கள்.

2011: முதல் வெற்றி, உடனே மாற்றம்

2011 பிப்ரவரி 18-ஆம் தேதி சையத் அலி என்ற வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. சுங்க அதிகாரி என்ற பதவி மட்டும் இருந்தால் போதாது. மதிப்பீட்டு வேலை அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தால்தான் 28-வது பிரிவில் நோட்டீஸ் கொடுக்க முடியும். அப்படி ஒதுக்கப்படாத தடுப்புப் பிரிவு அதிகாரி கொடுத்த நோட்டீஸ் செல்லாது என்பது தீர்ப்பு.

அரசு சும்மா இருக்கவில்லை. 2011 ஜூலை 6-ஆம் தேதி 44/2011 என்ற அறிவிக்கையின் மூலம் டி.ஆர்.ஐ. உள்ளிட்ட அதிகாரிகளுக்கு அந்த வேலையை ஒதுக்கியது. அது வரும் காலத்துக்குச் சரி. கழிந்த காலத்து நோட்டீஸ்களுக்கு என்ன செய்வது? அதற்காக அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு செல்லுபடியாக்கல் சட்டம் கொண்டுவந்து, 28-வது பிரிவில் 11-வது உட்பிரிவைச் சேர்த்தார்கள். 2011 ஜூலை 6-க்கு முன் சுங்க அதிகாரியாக நியமிக்கப்பட்ட எல்லோருக்கும் அந்த அதிகாரம் எப்போதுமே இருந்ததாகக் கருத வேண்டும் என்பது அதன் பொருள். நம் பாஷையில் சொன்னால், பழைய தேதியிட்டுச் சீட்டு எழுதிக்கொண்டார்கள். நாம் செய்தால் தப்பு. பாராளுமன்றம் செய்தால் சட்டம்.

மும்பையில் ஒரு நீதி, டெல்லியில் ஒரு நீதி

இந்தப் புதிய உட்பிரிவு செல்லுமா என்று மீண்டும் வழக்குகள் போயின. மும்பை ஐகோர்ட்டு 2014-ல் சுனில் குப்தா வழக்கில் செல்லும் என்றது. டெல்லி ஐகோர்ட்டு 2016 மே 3-ஆம் தேதி மங்களி இம்பெக்ஸ் வழக்கில் மாறாகச் சொன்னது. எல்லா அதிகாரிகளுக்கும் ஒரே அதிகாரத்தை வரையறை இல்லாமல் கொடுத்தால், ஒரே இறக்குமதியாளரை நாலு பேர் நாலு பக்கம் இழுப்பார்கள், குழப்பம்தான் மிஞ்சும் என்பது டெல்லி நீதிபதிகளின் கவலை. பல அலுவலகங்களுக்கு அலைந்து பார்த்த எந்த வியாபாரிக்கும் அந்தக் கவலை புரியும்.

டெல்லித் தீர்ப்புக்கு 2016 ஆகஸ்ட்டில் சுப்ரீம் கோர்ட்டு தடை கொடுத்தது. அதன்பின் நாடு முழுவதும் ஏராளமான கோப்புகள் முடிவு தெரியும் வரை கிடப்பில் போடப்பட்டன. அதிகாரியும் முடிக்கவில்லை; வியாபாரியும் முடிக்கவில்லை. ஆண்டுகள் ஓடின.

2021: தமிழில் இல்லாத ஒரு சொல்

அடுத்த கட்டம் கேனான் இந்தியா கம்பெனியின் வழக்கு. 2012-ல் டெல்லி விமானச் சரக்குப் பிரிவு வழியாக வந்த காமிராக்களுக்கு வரிவிலக்கு உண்டு என்று துறை அதிகாரியே விடுவித்தார். 2014 செப்டம்பரில் டி.ஆர்.ஐ. கூடுதல் தலைமை இயக்குநர் அந்த விலக்கு பொருந்தாது என்று நோட்டீஸ் கொடுத்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் முன் வந்தது.

2021 மார்ச் 9-ஆம் தேதி வந்த தீர்ப்பு ஓர் ஆங்கிலச் சொல்லின் மேல் நின்றது. சட்டத்தின் ஆங்கில மூலத்தில் "ப்ராப்பர் ஆபீஸர்" என்பதற்கு முன்னால் "தி" என்ற சின்னச் சொல் இருக்கிறது. நம் தமிழில் அப்படியொரு சொல்லே கிடையாது. "அந்த" என்று சொன்னால் ஓரளவு பொருள் வரும். ஏதோ ஓர் உரிய அதிகாரி என்று சட்டம் சொல்லவில்லை, "அந்த" உரிய அதிகாரி என்கிறது, எனவே முதலில் மதிப்பிட்டு விடுவித்தவரோ, அந்த இடத்தில் அவருக்குப் பின் வந்தவரோதான் திரும்பக் கேட்க முடியும், டி.ஆர்.ஐ. அதிகாரி கேட்க முடியாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். டி.ஆர்.ஐ. வேறு துறை என்பதால், 6-வது பிரிவின்படி அரசு தனியாக அதிகாரத்தை ஒப்படைத்திருக்க வேண்டும் என்றும், அப்படிச் செய்யவில்லை என்றும் சொன்னார்கள்.

தீர்ப்பு வந்ததும் நாடெங்கும் ஐகோர்ட்டுகளுக்கு ரிட் மனுக்கள் போயின. நம் மதுரைக் கிளையிலேயே அதே மார்ச் மாதத்தில், தூத்துக்குடி சுங்கக் கமிஷனர் எதிர்மனுதாரராக இருந்த நிலக்கரி இறக்குமதி வழக்கில் டி.ஆர்.ஐ. நோட்டீஸ் ரத்தானது. ஆனால் 2022-ல் சென்னை ஐகோர்ட்டின் இன்னொரு தீர்ப்பு டி.ஆர்.ஐ. அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு என்றது. ஒரே ஐகோர்ட்டுக்குள் இரண்டு பாதை. இந்த நிலையில், "முடிந்தது தொல்லை" என்று கட்டை மூடிப் பரணில் போடுவது புத்திசாலித்தனம் ஆகாது. ஆனால் பலர் போட்டார்கள்.

2022: கேட்டதில் பாதியைச் சட்டமே கொடுத்தது

2022 நிதிச் சட்டத்தில் சுங்கச் சட்டத்தையே திருத்தினார்கள். இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பழைய காலத்துக்கு. 97-வது பிரிவின் மூலம், முன்பு கொடுத்த நோட்டீஸ்கள், எடுத்த நடவடிக்கைகள் எல்லாம் செல்லும் என்று ஆக்கினார்கள். இது வியாபாரிக்குப் பாதகம்.

இரண்டு, வரும் காலத்துக்கு. 110ஏஏ என்ற புதிய பிரிவு வந்தது. டி.ஆர்.ஐ. போன்றவர்கள் விசாரித்து, வரி குறைந்திருக்கிறது என்று கண்டால், தாங்கள் எழுதிய அறிக்கையையும் ஆவணங்களையும் அந்த வரியை மதிப்பிடும் எல்லைக்குரிய அதிகாரிக்கு மாற்றிவிட வேண்டும். பல எல்லைகள் சம்பந்தப்பட்டிருந்தால் வாரியம் ஒருவரைக் குறிப்பிடலாம். அதன்பின் நோட்டீஸ் கொடுப்பது அந்த உரிய அதிகாரியின் வேலை. துப்புத் துலக்கியவரே நோட்டீஸும் கொடுப்பது சரியா என்று வியாபாரிகள் பத்து வருஷமாகக் கேட்டதில் பாதியைச் சட்டமே கொடுத்துவிட்டது. கோர்ட்டில் யார் ஜெயித்தார், தோற்றார் என்ற பேச்சில் இந்தப் பலனைப் பலர் கவனிக்கவில்லை.

2024: தீர்ப்பு திரும்பியது

2021 தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும்படி துறை மனு போட்டது. 2024 நவம்பர் 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த மனுவை ஏற்றது. 1999 பிப்ரவரி 15-ஆம் தேதியிட்ட சுற்றறிக்கையும், 2011 ஜூலை 6-ஆம் தேதி அறிவிக்கையும் டி.ஆர்.ஐ.க்கு இந்த வேலையைக் கொடுத்திருந்தன, 2021-ல் அவை கோர்ட்டின் பார்வைக்கு முறையாக வரவில்லை, டி.ஆர்.ஐ. அதிகாரிகள் 1990, 2002 அறிவிக்கைகளின்படி சுங்க அதிகாரிகளாக நியமிக்கப்பட்டவர்களே, ஆகவே 6-வது பிரிவு தேவையில்லை என்று சொன்னது. 2022 நிதிச் சட்டத்தின் 97-வது பிரிவும் செல்லும். மும்பைத் தீர்ப்பு சரி. டெல்லித் தீர்ப்பு ரத்து.

இத்துடன் நிற்கவில்லை. இந்த ஒரே காரணத்துக்காக நிறுத்தப்பட்டிருந்த நோட்டீஸ்களை மறுபடி எடுத்து, அவற்றின் தகுதியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டது. அதிகாரியின் உத்தரவை எதிர்த்து நேரே ஐகோர்ட்டுக்குப் போயிருந்தவர்களுக்கு, தீர்ப்பாயத்தில் அப்பீல் செய்ய 8 வாரம் அவகாசம் கொடுக்கச் சொன்னது.

"தகுதியைப் பார்த்து" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வியாபாரி தோற்றுவிட்டார் என்று கோர்ட்டு சொல்லவில்லை. நோட்டீஸ் கொடுத்தவருக்கு அதிகாரம் உண்டு, இனி உங்கள் கணக்கைக் காட்டுங்கள் என்றுதான் சொன்னது. கணக்கு வைத்திருந்தவர் இப்போதும் ஜெயிக்கலாம். பத்து வருஷத்துக்கு முந்தைய பில்லைத் தேடுபவர்தான் தவிக்கிறார்.

தவிக்க வைக்கும் வட்டி

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 10 லட்சம் ரூபாய் வரி குறைவாகக் கட்டியதாக நோட்டீஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காலதாமத வரிக்கு இப்போதைய வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம். வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். நோட்டீஸ் வந்தபோது இரண்டு வருஷம் ஆகியிருந்தால் வட்டி 3 லட்சம்.

வேண்டுமென்றே மறைத்தார் என்பது குற்றச்சாட்டானால் வரிக்குச் சமமான அபராதம் உண்டு. ஆனால் நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் வரியையும் வட்டியையும் கட்டிவிட்டால் அபராதம் வரியில் 15 சதவீதம்தான். அதாவது 10 லட்சம், 3 லட்சம், ஒன்றரை லட்சம். ஆக பதினாலரை லட்சத்தில் கணக்கு முடிந்துவிடும்.

அதே ஆள், "கொடுத்த அதிகாரிக்கே அதிகாரமில்லை" என்ற ஒரே வாதத்தில் கோர்ட்டுக்குப் போய், பத்து வருஷம் கழித்துத் தோற்றால்? வரி 10 லட்சம்; 12 வருஷ வட்டி 18 லட்சம்; அபராதம் 10 லட்சம்; ஆக 38 லட்சம். வக்கீல் செலவு தனி. வழக்குக்கு ஓய்வு உண்டு, விடுமுறை உண்டு. வட்டிக்கு ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது.

இதனால் நோட்டீஸ் வந்தவுடன் பணத்தைக் கட்டிவிட வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். நியாயம் நம் பக்கம் இருந்தால் போராடத்தான் வேண்டும். போராடும்போதே, மறுப்புத் தெரிவித்து எழுத்து மூலமாகக் கொடுத்து வரித்தொகையைக் கட்டிவைக்க வழி உண்டு. கட்டிய நாளோடு வட்டி நிற்கும். ஜெயித்தால் திரும்பக் கேட்கலாம். மறுப்புடன் கட்டிய தொகைக்கு ஒரு வருஷக் கெடு பொருந்தாது. இதையெல்லாம் ஆடிட்டரிடமும் வக்கீலிடமும் முதல் வாரத்திலேயே கலந்து பேச வேண்டும்.

அதிகாரத்தைக் கேள்வி கேட்பது வீண் வேலையா?

வீண் வேலை அல்ல. அந்த வழக்குகள் நடக்காவிட்டால் 110ஏஏ பிரிவு வந்திருக்காது. எந்த அதிகாரிக்கும் சட்டம் கொடுத்த எல்லை உண்டு. எல்லையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எதிர்ப்பு ஆகாது. இன்றும் நாம் கேட்கத் தகுந்த கேள்விகள் இருக்கின்றன.

முதலாவது, கெடு. வரி கேட்டு நோட்டீஸ் கொடுக்கச் சாதாரணமாக இரண்டு வருஷம்தான். கூட்டுச்சதி, வேண்டுமென்றே பொய் சொன்னது, உண்மையை மறைத்தது என்று இருந்தால்தான் ஐந்து வருஷம். இரண்டு வருஷம் தாண்டிய நோட்டீஸ் என்றால் மறைத்ததற்கான ஆதாரம் என்ன என்று கேட்க வேண்டும். சரக்கின் பெயரையும் விலையையும் முழுதாக எழுதிக் கொடுத்து, அதிகாரியே பார்த்து விடுவித்திருந்தால், அது வலுவான பதில்.

இரண்டாவது, பறிமுதல் செய்த சரக்கு. ஆறு மாதத்துக்குள் காரணம் கேட்கும் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் சரக்கைத் திருப்பித் தர வேண்டும். கமிஷனர் காரணத்தை எழுதிப் பதிவு செய்து, கெடு முடியும் முன் நமக்குத் தெரிவித்தால் மேலும் ஆறு மாதம் வரை நீட்டலாம். பருப்பும் பாக்கும் ஆறு மாதம் கிடந்தால் புழுதான் தின்னும். ஆகவே பத்திரமும் பிணையும் கொடுத்து இடைக்காலமாகச் சரக்கை விடுவிக்க 110ஏ பிரிவில் உடனே மனுக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, நிரூபிக்கும் பொறுப்பு. தங்கம், கைக்கடிகாரம், அரசு அறிவித்த வேறு சில பொருள்கள் ஆகியவற்றுக்கு மட்டும்தான், கடத்தல் சரக்கு அல்ல என்று வைத்திருப்பவர் நிரூபிக்க வேண்டும். கொட்டைப்பாக்கு அந்தப் பட்டியலில் இல்லை. அது கடத்திவரப்பட்டது என்பதைத் துறைதான் நிரூபிக்க வேண்டும் என்று ஐகோர்ட்டுகள் சொல்லியிருக்கின்றன. ஆனால் பில் இல்லாத வியாபாரிக்கு இந்தச் சட்டம் கொடுக்கும் நிழல் மிகவும் சின்னது.

நான்காவது, வந்தவர் யார் என்பது. சம்மன் அனுப்ப அரசிதழ்ப் பதிவு பெற்ற சுங்க அதிகாரிக்குத்தான் அதிகாரம். சோதனைக்குச் சாட்சிகள் வேண்டும்; மகஜர் எழுத வேண்டும்; நகல் நமக்கு உண்டு. சம்மன், சோதனை உத்தரவு, விசாரணைக் கடிதம் ஆகியவற்றில் அடையாள எண் போடும் முறை 2019 நவம்பரில் வந்தது. அந்த எண்ணைத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அதிகாரி வேஷம் போட்டுக் கடைகளில் பணம் பறிக்கும் ஆட்கள் நடமாடும் காலத்தில், மரியாதையாக அடையாள அட்டையைக் கேட்பதில் தவறில்லை.

ஐந்தாவது, கைது. 2025 பிப்ரவரி 27-ஆம் தேதி ராதிகா அகர்வால் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, சுங்க அதிகாரிகள் போலீஸ் அல்ல என்றாலும், கைது செய்யும்போது நம்பத் தகுந்த காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், கைதுக்கான காரணத்தைச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உறுதி செய்தது. விசாரணையின்போது வக்கீல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் இருக்க அனுமதி கேட்கலாம்.

போலீஸ் அல்ல என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் போல் இது கோர்ட்டில் ஒதுக்கப்படாது. சுங்க அதிகாரியிடம் 108-வது பிரிவில் கொடுக்கும் வாக்குமூலம் நமக்கு எதிராகவே சாட்சியமாக வரும். ஆகவே படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். தெரியாததைத் தெரியும் என்று சொல்லவே கூடாது.

கடையில் இன்றே செய்யக் கூடியவை

இறக்குமதிச் சரக்கு வாங்கும்போது ஜி.எஸ்.டி. பில், லாரி ரசீது, ஈ-வே பில், பேங்க் மூலம் பணம் கொடுத்த அத்தாட்சி ஆகிய நான்கையும் ஒரே கட்டாக வையுங்கள். பெரிய அளவில் வாங்குவோர் இறக்குமதியாளரிடம் பில் ஆஃப் என்ட்ரி நகலைக் கேட்டு வாங்கலாம். கொடுக்கத் தயங்கும் ஆளிடம் சந்தை விலையைவிட மலிவாகச் சரக்கு கிடைக்கிறது என்றால், மலிவுக்குக் காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாக இறக்குமதி செய்பவர்கள் எந்த நாட்டில் விளைந்தது என்பதற்கான விவரங்களையும் வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தச் சலுகையில் வரி குறைத்துக் கட்டுபவர்களுக்கு 2020 செப்டம்பர் முதல் இது சட்டப்படியே கட்டாயம். ஏற்றுமதி நாட்டுச் சான்றிதழ் ஒன்றே போதும் என்று இருக்க முடியாது.

நோட்டீஸோ உத்தரவோ வந்தால் வந்த தேதியை உறையின் மேல் எழுதி, உறையையும் பத்திரப்படுத்துங்கள். கெடுவெல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். உத்தரவு கிடைத்த நாளிலிருந்து கமிஷனர் அப்பீலுக்கு 60 நாள். தீர்ப்பாயத்துக்கு 3 மாதம். முதல் அப்பீலுக்கே கேட்கப்பட்ட வரியில் 7.5 சதவீதம் முன்பணமாகக் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பதில் எழுதும்போது, அனுப்பியவருக்கு அதிகாரமில்லை என்று வக்கீல் சொன்னால் அதைத் தனிப் பத்தியாக எழுதலாம். ஆனால் அதோடு நிறுத்தாமல் சரக்கின் தரம், பெயர், விலை, வரி விகிதம் ஒவ்வொன்றுக்கும் ஆவணத்தோடு பதில் எழுதச் சொல்லுங்கள். 2021-ல் இப்படி இரண்டையும் எழுதியவர்களுக்கு 2024 தீர்ப்பு ஓர் இடறல் மட்டுமே. அவர்களுடைய மற்ற வாதங்கள் உயிரோடு இருக்கின்றன.

பழைய சுங்க நோட்டீஸ் ஏதாவது கிடப்பில் இருக்கும் உறுப்பினர்கள் அது இப்போது எந்த அலுவலகத்தில், எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடை விலாசம் மாறியிருந்தால் துறைக்குத் தெரிவியுங்கள். பழைய விலாசத்துக்குப் போன விசாரணைக் கடிதம் திரும்பிப் போய், நாம் இல்லாமலே உத்தரவு போட்டுவிட்டார்கள் என்ற நிலை வரக் கூடாது.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாவட்டத்திலும் சுங்கச் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலையும் ஒரு ஆடிட்டரையும் அழைத்து, வருஷத்துக்கு ஒரு நாளாவது மளிகை வியாபாரிகளுக்கு விளக்கக் கூட்டம் நடத்தலாம். பெரிய கம்பெனிக்குச் சுப்ரீம் கோர்ட்டு வரை போகச் சக்தி உண்டு. நம்மில் பெரும்பாலோருக்கு முதல் நோட்டீஸுக்கு ஒழுங்காகப் பதில் எழுதும் அளவுதான் சக்தி. அந்தப் பதிலை ஒழுங்காக எழுத முடிந்தால் பெரும்பாலான வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.